டைபாய்டு என்று சொன்ன பதினான்கு மாதம்

என் சம்பளம் என்ன என்று யாராவது கேட்டால் மழுப்பாமல் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கூச்சம் கிடையாது. என்னோடு இன்டர்மீடியட் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரையும்விட நான் குறைவாகத்தான் வாங்கினேன், கடைசி வரைக்கும். அவர்கள் மேல்குமாஸ்தா ஆனபோது நான் கீழ்குமாஸ்தா. அவர்கள் மானேஜர் நாற்காலியில் உட்கார்ந்தபோது நான் மேல்குமாஸ்தா. சோம்பலா, சிபாரிசு இல்லாத குறையா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. பதினெட்டாவது வயதில் ஒரு நாள் படுத்தேன், பதினான்கு மாதம் கழித்து எழுந்தேன். அதற்கப்புறம் எத்தனை வேகமாக நடந்தும் அந்தப் பதினான்கு மாதத்தை என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அழுமூஞ்சிக் கதை இல்லை, பயப்பட வேண்டாம்.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு ஸ்டோரில் குடியிருந்தோம். ஸ்டோர் என்றால் கடை இல்லை. நீளமாக ஒரு நடை, இரண்டு பக்கமும் ஓர் அறையும் சமையற்கட்டுமாகப் பத்துக் குடித்தனம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது மற்ற ஒன்பது வீட்டுக்கும் தெரியும். என் அப்பா லஸ்ஸில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா, நைனா, நான். வீட்டில் மூன்றே பேர்தான்.

படுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலையில் காலேஜுக்குக் கிளம்பச் சட்டை போட்டேன். ஒரு கையை நுழைத்தாகிவிட்டது. இன்னொரு கையையும் நுழைத்து என்ன ஆகப் போகிறது என்று தோன்றியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோதும் ஒரு கை சட்டையோடுதான் இருந்தேன். காதலில் தோற்றதாக யாராவது நினைத்தால், அந்த அதிர்ஷ்டமெல்லாம் எனக்கு இல்லை. பரீட்சையிலும் தோற்கவில்லை. தோற்றிருந்தாலாவது சௌகரியமாக இருந்திருக்கும், காரணம் என்று ஒன்றைக் காட்டியிருக்கலாம். ஒரு காரணமும் இல்லாமல் வந்ததுதான் அதில் இருந்த பெரிய அவமானம். பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

கூப்பிட்டால் காது கேட்கும். யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் எல்லாம் புரியும். பதில் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன், அதற்குள் பேசினவர் போய்விட்டிருப்பார். அம்மா சோறு கொண்டுவந்து வைத்தால் நாலு வாய் சாப்பிடுவேன். குளி என்றால் மூன்றாவது நாள் குளிப்பேன். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

அம்மா தன் பங்குக்கு எல்லாம் செய்து பார்த்தாள். ராயப்பேட்டையிலிருந்து ஒரு முஸ்லிம் பெரியவர் வந்து தண்ணீர் ஓதிக் கொடுத்தார். அம்மன் கோயிலில் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். இங்கிலீஷ் டாக்டர் ஒருவர் கண்ணைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு ஒரு டானிக் எழுதினார். அது கறுப்பாக, துருப்பிடித்த ஆணியை ஊற வைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. குடித்தேன். பல் கறுத்ததுதான் மிச்சம்.

படுத்துப் பத்து நாள் ஆனதும் கிணற்றடியில் எதிர்க் குடித்தனத்து நாயுடம்மா நைனாவைக் கேட்டாள்.

"பையனுக்கு இன்னாங்க? ஆளையே காணோம்?"

"டைபாய்டு" என்றார் நைனா.

அவர் யோசித்துச் சொன்ன மாதிரி தெரியவில்லை. வாயில் வந்தது அதுதான். ஆனால் என் நைனா வக்கீல் குமாஸ்தா. அந்தத் தொழிலில் ஒரு கொள்கை உண்டு, அதை வீட்டிலும் அடிக்கடி சொல்வார். "எழுதிக் குடுத்துட்டா அதான் வழக்கு. நடுவுல மாத்தினா எதிர்க்கட்சி வக்கீல் தோல உரிச்சிடுவான்." அன்றிலிருந்து என் வழக்கு டைபாய்டு. மாமா வந்து கேட்டாலும் டைபாய்டு, காலேஜிலிருந்து கடிதம் வந்தாலும் டைபாய்டு.

டைபாய்டு என்றால் மூன்று வாரம், நாலு வாரம். ஒன்று பிழைப்பான், இல்லை போய்விடுவான். நான் இரண்டும் செய்யாமல் நாலு மாதம் கிடந்ததில் ஸ்டோர் தானாகவே ஒரு தீர்ப்புக்கு வந்துவிட்டது. பையனுக்குக் காசம், அதை மூடி மறைக்கிறார்கள் என்று. பால்காரம்மா எங்கள் சொம்பைக் கையால் தொடுவதை விட்டாள். தரையில் வைக்கச் சொல்லி மேலிருந்து ஊற்றினாள். கிணற்றில் எங்கள் வாளிக்கும் கயிற்றுக்கும் தனி மூலை வந்தது. நாயுடம்மா தன் குழந்தைகளை எங்கள் வாசல் பக்கம் விடுவதில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை. அந்த நாளில் காசம் வந்த வீட்டுக்குப் பக்கத்தில் யார்தான் நிம்மதியாக இருப்பார்கள்?

அம்மாதான் ஒரு நாள் தாங்காமல் சொன்னாள். "எல்லாரும் காசம்னு பேசிக்கினு கீறாங்க. உள்ளத சொல்லிட்டா இன்னா?"

"உள்ளதுன்னா இன்னா? சொல்லு" என்றார் நைனா. "அதுக்கு இன்னா பேரு?"

அம்மா சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் பேர் தெரியவில்லை.

படுத்துப் பதினான்காவது மாதம், யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்தான். வரவில்லை, வரப் போகிறான் என்று சொன்னார்கள். கடற்கரையில் குண்டு விழும் என்று மயிலாப்பூரே மூட்டை கட்டியது. ஒரே வாரத்தில் எங்கள் ஸ்டோரில் ஒன்பது வீட்டிலும் பூட்டுத் தொங்கியது. வக்கீல் குடும்பத்தோடு செங்கல்பட்டுப் பக்கம் போய்விட்டார். கேஸ் கட்டுகளையெல்லாம் நைனா பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் போனார், வேண்டுமானால் நீயும் வா என்றும் சொன்னாராம். நைனா என்னிடம் ஒரு தரம் கேட்டார், போகலாமா என்று. நான் போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டா போக முடியும்? தங்கிவிட்டோம்.

மூன்றாவது நாள் காலையில் கிணற்று ராட்டினம் சத்தமே இல்லை. தண்ணீர்ச் சண்டை இல்லை, குழந்தை அழவில்லை. கதவைத் திறந்து வெளியே போனால் "இப்ப எப்படிப்பா இருக்கே?" என்று கேட்க ஒரு ஆத்மா கிடையாது. அது எனக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. எழுந்து நடையில் நின்றேன். கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் இழுத்தேன், பாதி சிந்திவிட்டது. மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். அம்மா சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டாள். அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் மறுபடி படுத்திருப்பேன். இன்றைக்கும் அதற்காக அவளை மனசுக்குள் கும்பிடுகிறேன்.

ஊரே ஓடினபோது எழுந்து உட்கார்ந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். தினமும் நடந்தேன். முதலில் தெப்பக்குளம் வரைக்கும், அப்புறம் சாந்தோம் மணல் வரைக்கும், ஒரு நாள் அடையாறு பாலம் வரைக்கும். தெருத்தெருவாகப் பூட்டின வீடுகள். எல்லாரும் பயத்தில் ஓடின ஊர் எனக்கு மட்டும் நல்ல ஊராக இருந்தது என்று சொன்னால் பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. அடையாற்றுப் பாலத்தில் நின்றபோது எனக்குப் பசித்தது. அம்மா கூப்பிடாமல், தட்டு எதிரே வராமல், தானாகப் பசித்தது. திரும்பி வீட்டுக்கு வேகமாக நடந்தேன். வழியெல்லாம் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

தியாகராய நகரில் பனகல் பார்க் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். மாணவர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள், முதலாளி மட்டும் ஆறு மெஷினோடு தனியாக உட்கார்ந்திருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். "வந்து அடி தம்பி, பாதி பீஸ் குடு போதும். சும்மா கிடந்தா துருப் பிடிச்சிடும்" என்றார். மெஷினைத்தான் சொன்னார். ஊர் திரும்பி வந்து ஸ்டோர் மறுபடி நிறைந்தபோது நான் காலையில் சட்டை போட்டுக்கொண்டு டைப் அடிக்கப் போகிறவனாக இருந்தேன். என்னைப் பார்த்து நாயுடம்மா ஒதுங்கி வழிவிட்டாள். காசம் முற்றினவனுக்குக் கடைசியில் ஒரு தெளிவு வருமாம். அப்படி நினைத்திருப்பாள்.

ஆனால் காலேஜ் போய்விட்டது. மறுபடி சேரப் பணமும் இல்லை, எனக்குத் தைரியமும் இல்லை. அரிசிக்கு ரேஷன் வந்தபோது தேனாம்பேட்டை ஆபீசில் கார்டு எழுத ஆள் வேண்டும் என்றார்கள். தற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஒரு நாள் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் என் வகுப்புத் தோழன் நிற்கிறான். பி.ஏ. முடித்துவிட்டுக் கோட்டையில் வேலை, கையில் கடிகாரம்.

"டேய், நீயா? எங்கடா காணாமப் போயிட்டே?"

"டைபாய்டு" என்றேன். நானும் அந்த வழக்கையே சொல்லப் பழகியிருந்தேன். அவன் சம்பளத்தைச் சொன்னான். என்னுடையதைப்போல் இரண்டு மடங்கு. அவன் பெருமைக்குச் சொல்லவில்லை, நான் கேட்டதால்தான் சொன்னான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தை நைனாமேல் காட்டினேன். எதற்கோ அவர் புத்தி சொல்ல வந்தார். "முப்பது வருஷமா ஒருத்தர் வாசல்ல நின்னுக்கினு கீறீங்க. பிராது எழுதறது நீங்க, பீஸ் வாங்கறது அவரு. இன்னா சம்பாதிச்சீங்க?" என்றேன். அவருக்குச் சட்டம் அத்தனையும் தலைகீழ்ப் பாடம். வக்கீலே சந்தேகம் வந்தால் இவரைத்தான் கேட்பார். அப்படிப்பட்டவர் ஏன் ஒரு பரீட்சை எழுதித் தானே வக்கீல் கோட்டு மாட்டவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை. சாமர்த்தியம் போதாது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். நைனா கை அலம்பப் போனார்.

யுத்தம் முடிந்தது. ரேஷன் ஆபீசை மூடிவிடுவார்கள், தற்காலிக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. நான் சர்க்கார் உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதித் தேறினேன். வேலை கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்டது, வைத்தியப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. ஆனால் இது தவறினால் அடுத்த தரம் எனக்கு வயது தாண்டிவிடும். காலேஜ் படிப்பு முடிக்காதவனுக்கு, ஆயுள் முழுக்க மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வாசல் அது ஒன்றுதான். அது திறக்குமா, சாத்துமா என்பது இரண்டு பக்க ஃபாரத்தில் இருந்தது.

நைனா அந்த ஃபாரத்தை ஒரு வழக்கு மாதிரியே நடத்தினார். பழைய பிராது ஒன்றின் பின்பக்கத்தில் முதலில் நகல் எழுதினார். அப்புறம் ஃபாரத்தை எடுத்து, அம்மை போட்டதா, மூர்ச்சை போட்டதா, பைத்தியம் உண்டா என்று ஒவ்வொரு கட்டமாகப் படிப்பார், பதிலைப் போடுவார். படுக்கையில் கிடக்கும்படி ஏதாவது வியாதி வந்ததா என்று ஒரு கேள்வி. அதற்கு டைபாய்டு என்று எழுதினார், அழகான கையெழுத்தில். அதற்கடுத்த கேள்வி, குடும்பத்தில் யாருக்காவது மனக்கோளாறு உண்டா என்று. அங்கே பேனாவை வைத்துவிட்டார்.

"இத நீயே எழுதிக்கோ" என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

நான் "இல்லை" என்று போட்டேன். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பதினைந்து நாளில் ஆபீசிலிருந்து ஒரு மெமோ. இந்த ஆசாமிக்கு ஒரு வருஷத்துக்கு மேல் காசம் இருந்ததாகவும், அதை மறைத்து வேலைக்கு வருவதாகவும் மொட்டைக் கடுதாசி வந்திருக்கிறது. மார்பை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்து வியாதியைப் பற்றித் தெரிந்த பெரியவர் ஒருவரோடு மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரவும். எனக்கு ரத்தம் கொதித்தது. ஸ்டோரில் ஒவ்வொரு வாசலாக நினைத்துப் பார்த்து, இவன்தான் எழுதினவன், இல்லை அவள்தான் எழுதச் சொன்னவள் என்று இரண்டு நாள் சாபம் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது கோபம் இல்லை. எழுதினவர் தன் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எழுதினார். பொய் எங்களுடையது. அந்தப் பொய்யை நாங்கள் கொஞ்சம் பெரிதாகச் சொல்லியிருக்கலாம், அல்லது சொல்லாமலே இருந்திருக்கலாம். டைபாய்டு என்று நடுவாந்தரமாகச் சொன்னதுதான் தப்பு.

ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும்போது நைனா எனக்குச் சாட்சிக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சொல்லிக்கொண்டே வந்தார். "டைபாய்டு. விட்டு விட்டு வந்துது. கேட்டதுக்கு மட்டும் பதில். முன்னுக்குப் பின் முரணா ஒரு வார்த்தை வரக்கூடாது." கக்கத்தில் பைக்குள் ஃபாரத்தின் நகல், டானிக் சீட்டு, எல்லாம் நாடா போட்டுக் கட்டி இருந்தன.

டாக்டர் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். பேச்சுக்கும் அவரிடம் ரேஷன்தான். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நுரையீரல் சுத்தமா இருக்கு. கடுதாசி எழுதினவன் முட்டாள்."

எனக்கு மூச்சு வந்தது. நைனா பையை எடுத்துக்கொண்டு பாதி எழுந்தேவிட்டார்.

"உக்காரும்" என்றார் டாக்டர். "டைபாய்டுன்னு போட்டிருக்கு. எத்தனை நாள்?"

"பதினாலு மாசங்க" என்றார் நைனா. "விட்டு விட்டு வந்துது."

"பதினாலு மாசம் டைபாய்டா? பார்த்த டாக்டர் யாரு? சீட்டு எங்கே?"

நைனா நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார். டாக்டர் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. ஜுரம் எத்தனை டிகிரி இருந்துது?"

மேஜைக்கு அடியில் நைனாவின் கை என் முழங்காலில் வந்து அழுத்தியது. எனக்குப் பொய் சொல்லக் கூடாது என்ற பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது. நூற்று இரண்டு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஐந்து வருஷமாக டைபாய்டு டைபாய்டு என்று சொல்லி எனக்கு அலுத்துப் போயிருந்தது. இன்னொரு தரம் சொல்ல வாய் வரவில்லை.

"ஜுரமே இல்ல சார்."

"இருமல்?"

"இல்ல சார்."

"பின்ன எதுக்குப் படுத்தே?"

"எழுந்திருக்கத் தோணல சார்."

டாக்டர் ஃபாரத்தைத் திருப்பினார். "அப்ப இதுல பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கே."

"ஆமா சார்."

"புத்தி கலங்கியிருந்துதா?"

"இல்ல சார். எல்லாம் தெளிவா தெரிஞ்சுது. எதுவும் வேண்டியிருக்கல, அவ்வளவுதான்."

"குடும்பத்துல யாருக்கும் இல்லன்னு எழுதியிருக்கே. இதுவும் டைபாய்டு மாதிரிதானா?"

"அது நிஜம் சார். யாருக்கும் கிடையாது."

"எனக்கு இருந்துதுங்க" என்றார் நைனா.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவிழ்த்த நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இருவத்திரெண்டு வயசுல. ரெண்டு வருஷங்க. பிளீடர் பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தேன், எழுதப் போகல. எங்க அண்ணன் வீட்டு மாடியில படுத்துக்கினு இருந்தேன். இவன் படுத்த மாதிரியேதான்."

"அப்புறம்?"

"எழுந்துட்டேங்க. அதுக்குள்ள கூடப் படிச்சவங்கள்லாம் கோர்ட்டுல நின்னாங்க. மறுபடி படிக்கத் தைரியம் வரல. குமாஸ்தாவா சேர்ந்துட்டேன்."

"மறுபடி வந்துதா?"

"முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சுங்க. ஒரு நாள் வேலைக்குப் போகாம இருந்ததில்ல."

நான் உட்கார்ந்த இடத்திலேயே குறுகிப்போனேன். இன்னா சம்பாதிச்சீங்க என்று கேட்டவன் நான். என் வேலை போனாலும் போகட்டும், அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியிருந்தால் போதும் என்று அப்போது தோன்றியது. கூடவே பயமும் பிடித்தது. குடும்பத்திலேயே உண்டு என்று எழுதினால் எந்த ஆபீஸ் என்னை எடுக்கும்? வழக்கை மாற்றாதே என்று வழியெல்லாம் சொன்ன மனுஷர், தானே மாற்றி எதிர்க்கட்சிக்குக் கொடுத்துவிட்டாரே.

டாக்டர் நைனாவை ஏற இறங்கப் பார்த்தார். வெள்ளை வேட்டி, துவைத்த கோட்டு, மடித்து வைத்த அங்கவஸ்திரம். அப்புறம் பேனாவை எடுத்தார்.

"அப்பனுக்கு வந்து போச்சு, முப்பது வருஷம் திரும்பல. பிள்ளைக்கும் அப்படித்தான்னு நான் எடுத்துக்கறேன்" என்றார். டைபாய்டு என்ற அழகான கையெழுத்தைக் குறுக்கே அடித்தார். "இந்த ஃபாரத்துல ஜுரத்துக்குக் கட்டம் இருக்கு, பைத்தியத்துக்குக் கட்டம் இருக்கு. நடுவுல ஒண்ணும் இல்ல. அதனால நானும் ஒண்ணும் எழுதல." கீழே, வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலில் பொய் சொன்னதற்கு நான் ஒரு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும், அது மேலே போய்த் திரும்பி வர நாளானால் தான் பொறுப்பில்லை என்றும் சொன்னார்.

நாளாகத்தான் ஆயிற்று. ஏழு மாதம். அதற்குள் என்னோடு தேறினவர்கள் எல்லாரும் சேர்ந்து எனக்கு மூத்தவர்கள் ஆகிவிட்டார்கள், பின்னால் வந்த சிலர்கூட முந்திக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு படி கீழே இருந்த வேலை. அங்கிருந்து நான் மேலே ஏறினேன்தான், ஆனால் முன்னால் ஏறினவர்கள் சும்மா நிற்கவில்லையே. பதினெட்டு வயதில் படுத்தவனுக்கு ஐம்பது வயதுச் சம்பளத்திலும் அது தெரியும். நைனாவின் கூலியில் தெரிந்தது, என்னுடையதிலும் தெரிந்தது. இதை வயிற்றெரிச்சலோடு எழுதவில்லை. மாதம் பிறந்தால் வந்தது, குடும்பம் நடந்தது, கடைசி வரை யாரிடமும் கைநீட்டவில்லை. ஆனால் இளவட்டம் ஒன்று காரணமில்லாமல் படுத்திருக்கிறது என்று கேள்விப்பட்டால், அது சோம்பேறி என்று யாராவது சொன்னால், இன்றைக்கும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து நாங்கள் இருவரும் நடந்தோம். நல்ல வெயில். முரணாகப் பேசினதற்கு நைனா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வேறு வாயில் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். ராயப்பேட்டை நெடுஞ்சாலை திரும்புகிற இடத்தில் அவர் நின்றார்.

"உனக்கு எது மோசமா இருந்துது?" என்று கேட்டார். "காலையா, சாயங்காலமா?"

இந்தக் கேள்வியை டாக்டர் கேட்டதில்லை, ஓதிக் கொடுத்தவர் கேட்டதில்லை, அம்மாவும் கேட்டதில்லை. உள்ளே இருந்து பார்த்தவருக்குத்தான் கேட்கத் தோன்றும்.

"காலைல" என்றேன். "கண்ணு முழிச்ச உடனே. ஒரு பத்து மணி வரைக்கும்."

"எனக்கும் பத்து மணிதான். அப்புறம் கொஞ்சம் தேவல."

எனக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. அந்தப் பதினான்கு மாதமும் நைனா காலையில் வேலைக்குப் போகும் முன் என் பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்காருவார். பேசமாட்டார், தொடமாட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார். என்மேல் வெறுப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் இதைச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். ஐந்து வருஷமாக நெஞ்சில் கட்டியிருந்த ஏதோ ஒன்று அந்த ரோட்டிலேயே இறங்கிவிட்டது.

லஸ் வரைக்கும் அதையேதான் பேசிக்கொண்டு வந்தோம், பல்வலி வந்த இரண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி. அவருக்குத் தாளிக்கிற வாசனை ஆகாதாம். எனக்கு ஆள் சிரிக்கிற சத்தம் ஆகாது. அவர் மாடியில் உத்தரத்தில் இருந்த பல்லிகளுக்கெல்லாம் பேர் வைத்திருந்தாராம். அதைக் கேட்டு நான் நடுத்தெருவில் நின்று சிரித்தேன், அவரும் சிரித்தார். எங்கள் தெரு முனை வந்துவிட்டது. ஸ்டோருக்குள் நுழைந்தால் மற்ற ஒன்பது வீடும் கேட்டுக்கொண்டிருக்கும். நைனா நின்று அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"வா, குளத்த ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்றார்.